மேட்ச் இல்லாத நாளில் விளையாட்டுப் பத்தியாளர் என்ன எழுதுவார்?

"செய்தித்தாளில் விளையாட்டுப் பத்தி எழுதுகிறவராக வேண்டும் என்பது என் ஆசை. மேட்ச் பார்த்துவிட்டுக் கருத்து எழுதுவதுதானே வேலை? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்? காலம் முழுக்க அதிலேயே இருக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். "கருத்து எழுதுவதுதானே" என்ற இடத்தில்தான் சிக்கல். கருத்து எல்லோரிடமும் இருக்கிறது. வாரத்துக்கு நாலு நாள், அதே மூலையில், அதே நீளத்தில், வருடக்கணக்காக எழுதியும் ஒரு மனிதர் எப்படிச் சரக்குத் தீராமல் இருக்கிறார் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் பல வருடங்கள் விளையாட்டு டெஸ்க்கில், அதாவது அச்சுக்கு முன் எழுத்தைச் சரிபார்க்கும் பிரிவில், உட்கார்ந்து பத்தியாளர்களின் காப்பியை, அதாவது அவர்கள் எழுதி அனுப்புவதை, திருத்தியவன். என் பெயர் போட்டுப் பத்தி எழுதியது குறைவுதான். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகைகளிலிருந்து வரும். தினசரிப் பத்தி ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததும், அதைச் செய்தவர்களின் வாழ்க்கை விரிவாகப் பதிவானதும் அங்கேதான்.

முதலில் நிருபர் வேறு, பத்தியாளர் வேறு. நிருபருக்கு நிகழ்ச்சி வேண்டும். மேட்ச் நடந்தது, யார் ஜெயித்தார்கள், எப்படி, யாருக்கு அடிபட்டது என்பதோடு அவர் கடமை முடிந்தது. மேட்ச் இல்லையென்றால் அவருக்கு அன்று செய்தியும் இல்லை. பத்தியாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. செவ்வாய்க்கிழமை எந்த ஆட்டமும் இல்லை, வெளியே மழை, வீரர்கள் யாரும் போனை எடுக்கவில்லை என்றாலும் புதன்கிழமைக் காலை அந்த மூலை நிரம்பியிருக்க வேண்டும். பெரிய இறுதிப் போட்டியன்று யார் எழுதினாலும் ஜனங்கள் படிப்பார்கள். ஒன்றுமே நடக்காத நாளில் படிக்க வைப்பதற்குத்தான் பத்தியாளருக்கு நிருபரைவிடக் கூடுதல் சம்பளம் என்பது என் அனுபவத்தில் வந்த முடிவு.

ரெட் ஸ்மித் என்ற அமெரிக்கரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1905ல் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே ஊரில் பிறந்தவர், நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1920களின் கடைசியில் செயின்ட் லூயிஸ் ஸ்டார் பத்திரிகையில் என்னைப் போலக் காப்பி திருத்திக்கொண்டிருந்தார். விளையாட்டுப் பிரிவில் திடீரென்று ஆள் குறைந்தது. "உனக்கு விளையாட்டு ஏதாவது தெரியுமா?" என்று ஆசிரியர் கேட்டாராம். "சாதாரண ரசிகனுக்குத் தெரிகிற அளவு" என்று பதில் வந்ததும் அங்கே மாற்றிவிட்டார்களாம். இது ஸ்மித் தாமே சொல்லிவந்த கதை. அவர் கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்பதால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். எப்படியோ, விளையாட்டுப் பிரிவுக்குத் திட்டம் போட்டு வந்தவர் அல்ல. அங்கே அவருடைய ஆரம்ப வேலைகளில் ஒன்று, ஒரு கல்லூரி ஃபுட்பால் அணி விளக்கு வெளிச்சத்தில் இரவுப் பயிற்சி எடுப்பதைப் பற்றி எழுதுவது. பயிற்சியில் எழுத என்ன இருக்கிறது? ஸ்கோர் இல்லை, வெற்றி தோல்வி இல்லை. அவர் அதை, இத்தனை பெரிய விளக்குகளைப் பார்த்து மனம் நொந்துபோகும் ஒரு மின்மினிப் பூச்சியின் கண் வழியாக எழுதினார். செவ்வாய்க்கிழமைப் பிரச்சினைக்கு அவர் கண்டுபிடித்த விடை அது. பிறகு ஐம்பது வருடங்களுக்கு மேல் ஏதோ ஒரு வடிவில் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

அவருடைய தொழில் வாழ்க்கையின் ஏற்ற இறக்கத்தையும் கவனியுங்கள். உங்கள் "காலம் முழுக்க" என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. பிலடெல்பியாவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, நாற்பது வயதை நெருங்கும்போதுதான், 1945ல், நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூனுக்கு வந்தார். அங்கிருந்து அவர் பத்தி நாடு முழுக்கப் பல பத்திரிகைகளில் வெளியானது. ஒரு பத்தியை ஒரே நாளில் பல ஊர்ப் பத்திரிகைகளுக்கு விற்கும் சிண்டிகேட் முறை அது. ஒருவரைத் தன் ஊரில் தெரிந்த பெயர் என்ற நிலையிலிருந்து தேசம் முழுக்கத் தெரிந்த பெயராக்கியது அந்த ஏற்பாடுதான். ஆனால் 1966ல் ஹெரால்டு டிரிப்யூன் மூடப்பட்டது. பல பத்திரிகைகளை இணைத்து உருவான அடுத்த பத்திரிகையும் ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. அப்போது அவர் பத்தியை வெளியிட்ட நியூயார்க் பத்திரிகை எது தெரியுமா? பெண்கள் ஆடை வியாபாரத்துக்கான விமன்ஸ் வேர் டெய்லி. நாட்டிலேயே பெரிய விளையாட்டுப் பத்தியாளர், துணிமணிச் செய்திகளுக்கு நடுவே குத்துச்சண்டை பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 1971ல், மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில், நியூயார்க் டைம்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1976ல் எழுபது வயதில், அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு. 1982 ஜனவரி 11 அன்று, இனிமேல் வாரத்துக்கு நாலுக்குப் பதில் மூன்று பத்திதான் எழுதப் போகிறேன் என்று எழுதினார். நாலு நாள் கழித்து இறந்துபோனார்.

எழுதுவது கஷ்டமா என்று கேட்டதற்கு, "ஒன்றுமில்லை, டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து நரம்பை வெட்டிக்கொண்டால் போதும், ரத்தம் தானாக வரும்" என்ற பொருளில் அவர் சொன்னதாக ஒரு வாசகம் எழுத்தாளர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். 1949ல் இன்னொரு பத்தியாளரின் பத்தியில் இது அவர் பெயரில் வந்தது உண்மை. ஆனால் பால் காலிகோ என்ற முன்னாள் விளையாட்டுப் பத்தியாளர் அதற்கு முன்பே, 1946ல், கிட்டத்தட்ட இதே உருவகத்தை எழுதியிருந்தார். பிற்காலத்தில் நாவலாசிரியர் ஹெமிங்வே தலையிலும் ஆதாரமே இல்லாமல் இதைக் கட்டிவிட்டார்கள். யார் சொன்னார் என்பதில் சந்தேகம் இருக்கலாம், விஷயத்தில் இல்லை. நான் காப்பி வாங்கிய ஆட்களில் சுலபமாக எழுதிக் கொடுத்த நல்ல பத்தியாளர் ஒருவர்கூட நினைவில் இல்லை. சுலபமாக எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்கள் காப்பியை நாங்கள் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கஷ்டம் என்றால் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். இரவு ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் பதினொன்றரைக்கு அச்சுக்குப் போக வேண்டும். ஆட்டம் பதினொன்றே காலுக்கு முடியலாம், முடியாமலும் போகலாம். அனுபவசாலி இடைவேளைக்குள்ளேயே நடுப்பகுதியை எழுதி வைத்துவிடுவார். அந்தக் கேப்டனின் போன வருடத்து நிலை, பயிற்சியாளரோடு நடந்த உரசல் மாதிரி, முடிவு எதுவானாலும் செல்லுபடியாகும் சங்கதிகள் அதில் இருக்கும். மேல்பகுதிக்கு இரண்டு தொடக்கம் தயார், ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. கடைசி நிமிடத்தில் சமன் செய்யும் கோல் விழுந்து ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் இரண்டுமே குப்பைக்கூடைக்கு. டெஸ்க்கிலிருந்து நாங்கள் போன் மேல் போன் போடுவோம். எடுத்தால் "நாலு நிமிஷம்" என்று சொல்லி வைத்துவிடுவார். அந்த நாலு நிமிஷத்தில் எழுதி அனுப்புகிற முதல் பாராவைத்தான் மறுநாள் காலையில் நீங்கள் நிதானமாகப் படித்து, "என்னமோ அவசரத்தில் எழுதின மாதிரி இருக்கே" என்கிறீர்கள். அப்புறம் நீளம். எழுநூற்றைம்பது வார்த்தைக்குத்தான் இடம் என்றால் எழுநூற்றைம்பதுதான். செய்தியாக இருந்தால் கீழிருந்து வெட்டுவோம். பத்தியில் அப்படி வெட்ட முடியாது, முடிப்பு போய்விடும். "எங்கே வேண்டுமானாலும் கை வை, கடைசி வரியைத் தொடாதே" என்று காப்பியின் தலையிலேயே எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு.

பத்தியாளர் எழுதுவதெல்லாம் நிஜமா என்பதும் நியாயமான கேள்வி. பழைய ஆட்களைப் பொறுத்தவரை, முழுக்க இல்லை. இங்கிலாந்தின் நெவில் கார்டஸ் கிரிக்கெட் எழுத்தின் முகத்தையே மாற்றியவர். 1917ல் மான்செஸ்டர் கார்டியனில் சேர்ந்து, உடம்பு சரியில்லாமல் போய்த் தேறிவந்த சமயத்தில், 1919ல், "கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வாருங்கள்" என்கிற மாதிரி ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்கு அனுப்பப்பட்டார். அவரும் தற்செயலாக வந்தவர்தான். அதே பத்திரிகைக்கு இசை விமர்சனமும் அவரே எழுதினார், 1967ல் சர் பட்டம் வாங்கினார். ஆனால் வீரர்கள் வாயில் அவர் வைத்த நகைச்சுவையான வாசகங்கள் பலவற்றை அவர்கள் சொல்லவே இல்லை என்பதை அவரே பின்னாளில் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டார். அந்த மனிதரின் குணத்துக்குப் பொருந்தினால் அதுவும் ஒரு உண்மைதான் என்பது அவருடைய வாதம். அமெரிக்காவில் கிராண்ட்லேண்ட் ரைஸ் என்ற பத்தியாளர் 1924 அக்டோபரில் நாட்டர் டேம் ஃபுட்பால் அணியின் நான்கு வீரர்களை, நீலச்சாம்பல் வானத்தின் பின்னணியில் தெரிந்த நான்கு குதிரை வீரர்களாக வர்ணித்து எழுதியது இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. பத்திரிகைக்காரர்கள் உட்காரும் பிரஸ் பாக்ஸ் இருப்பது மேலே. அங்கே உட்கார்ந்து கீழே பார்க்கிறவருக்கு வீரர்களுக்குப் பின்னால் வானம் எப்படித் தெரியும், தரையில் படுத்துக்கொண்டா பார்த்தார் என்று பின்னால் வந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். கார்டஸின் எழுத்தை ரசிக்கிறேன். ஆனால் அவர் வாதத்தை இன்று ஒருவர் என் டெஸ்க்கில் வந்து சொன்னால் காப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இப்போது ஆட்டத்தின் ஒவ்வொரு நொடியும் பதிவாகிறது, பேட்டி பதிவாகிறது. கற்பனை வாசகம் எழுதினால் மத்தியானத்துக்குள் மாட்டிக்கொள்ளலாம்.

ரைஸ் தலைமுறைக்கு இன்னொரு குணமும் இருந்தது. வீரர்கள் அவர்களுக்கு நண்பர்கள், கூடவே ரயிலில் போகிறவர்கள், சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். அதனால் புகழ்ச்சி எல்லை மீறியது. ஹெரால்டு டிரிப்யூனில் ஸ்மித்தைச் சேர்த்துக்கொண்ட விளையாட்டு ஆசிரியர் ஸ்டான்லி உட்வர்டு, "அந்த ஆட்டக்காரர்களைக் கடவுளாக்குவதை நிறுத்து" என்று தந்தி அடிக்க இருந்ததாக ஸ்மித் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தத் தொழிலில் மிகக் கடினமான கணக்கு இதுதான் என்பேன். கிட்டே போகாவிட்டால் விஷயம் கிடைக்காது. ரொம்பக் கிட்டே போனால் கிடைத்த விஷயத்தை எழுத முடியாது. இதற்கு விதி கிடையாது. நான் பார்த்த நல்ல பத்தியாளர்களிடம் ஒரு பழக்கம் மட்டும் பொதுவாக இருந்தது: ஒரு வீரரைக் கடுமையாக எழுதினால், மறுநாள் அந்த வீரர் பயிற்சி எடுக்கும் இடத்துக்குப் போய் அவர் கண்ணில் படும்படி நிற்பார்கள். திட்டுவதென்றால் நேரில் திட்டட்டும் என்று. பல நேரம் திட்டு விழும். சில நேரம் அடுத்த பத்திக்கு விஷயமே அங்கேதான் கிடைக்கும்.

விலகி நின்றால்தான் நேர்மை என்று அடித்துச் சொல்லவும் எனக்குத் தயக்கம். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவர் பத்திரிகையின் வெண்டல் ஸ்மித், பேஸ்பாலில் கறுப்பின வீரர்களைச் சேர்க்காத நிறத் தடையை எதிர்த்து விடாமல் எழுதினார். அதோடு நிற்காமல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரின் பெயரைப் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியிடம் பரிந்துரைத்தார். 1946லும் 1947லும் ராபின்சனோடு ஊர் ஊராகப் பயணம் செய்தார், ராபின்சன் பெயரில் வந்த பத்தியை எழுதிக் கொடுத்தார், அந்த வேலைக்கு டாட்ஜர்ஸ் நிர்வாகத்திடம் பணமும் பெற்றார். இன்றைய எந்த நெறிமுறைக் கையேடும் இதை அனுமதிக்காது. ஆனால் அவருக்கே அப்போது பல மைதானங்களில் பிரஸ் பாக்ஸ் கதவு மூடியிருந்தது. அந்த நிலையில் அவர் எந்த நடுநிலையில் நின்றிருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாஷிங்டன் போஸ்ட்டின் ஷெர்லி போவிச் வேறு வழியில் போனார். ரெட்ஸ்கின்ஸ் ஃபுட்பால் அணியின் முதலாளி கறுப்பின வீரர்களைச் சேர்க்க மறுத்துவந்தார். போவிச் கோபமாகத் தலையங்கம் எழுதாமல், ஆட்ட வர்ணனைக்குள்ளேயே ஊசி ஏற்றினார். இந்த அணியில் ஆடும் தகுதி பிறப்பிலேயே இல்லாத ஜிம் பிரவுன் (எதிரணியின் கறுப்பின வீரர்) நேற்று இவர்களுடைய எல்லைக்குள் மூன்று தடவை புகுந்து அதைச் சமத்துவப்படுத்தினார் என்கிற பாணி. 1962ல் அந்த அணி வழிக்கு வந்ததற்குக் காரணம் பத்திகள் மட்டுமல்ல. புது ஸ்டேடியம் மத்திய அரசு நிலத்தில் இருந்ததால் கென்னடி அரசு கொடுத்த நெருக்கடிதான் முக்கியக் காரணம். பத்தி உலகை மாற்றும் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வருடக்கணக்காக அந்த விஷயத்தை வாசகர் மறக்காமல் பார்த்துக்கொண்டது பத்திதான்.

பெண்களுக்கு இந்தத் தொழிலின் கதவு ரொம்பத் தாமதமாகத்தான் திறந்தது. 1977 பேஸ்பால் உலகத் தொடரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் மெலிசா லட்கேவை, வீரர்கள் உடை மாற்றும் லாக்கர் ரூமுக்குள் விடவில்லை. வழக்குப் போட்டார்கள். 1978ல் நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். வீரர்கள் சூடு ஆறாமல் பேசுகிற இடமே அதுதான். அங்கே போக முடியாதவரால் ஆண் போட்டியாளருக்குச் சமமாக எழுத முடியாது. ஆகவே வழக்கின் மையம் வேலை வாய்ப்பு, கூச்சம் பற்றிய பேச்செல்லாம் திசைதிருப்பல்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு விழிப்பு, பயணம், நேரம் தவறிய சாப்பாடு, பண்டிகை நாட்களிலெல்லாம் மைதானத்தில் வேலை. வீட்டார் இதற்குக் கொடுக்கும் விலை எந்தப் பத்தியிலும் வராது. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் 1961 முதல் எழுதிய ஜிம் முர்ரேவுக்கு விழித்திரை விலகி ஒரு கண் போய்விட்டது. மற்றதில் புரை. 1979ல் சில மாதங்கள் கிட்டத்தட்ட பார்வையே இல்லாமல், வாயால் சொல்லிப் பத்தி கொடுத்தார். போன அந்தக் கண்ணுக்கு விடை கொடுத்து அவர் அந்த ஜூலையில் எழுதிய பத்திதான் அவர் எழுதியவற்றிலேயே அதிகம் பேசப்படுவது. அதில் எந்த மேட்ச்சும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1990ல் அவருக்கும் புலிட்சர் கிடைத்தது. 1998 ஆகஸ்ட் 16, ஞாயிறன்று, முந்தைய நாள் நடந்த குதிரைப் பந்தயம் பற்றிய அவர் பத்தி வெளியானது. அன்றிரவே இறந்தார். போவிச்சின் கடைசிப் பத்தியும் அதே வருடம், அவர் இறந்த மறுநாள் அச்சில் வந்தது. இவர்களைப் பார்த்து, இதில் ஓய்வே கிடையாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் கடைசிவரை நிலைத்தவர்கள் மட்டும்தான். சில வருடத்தில் சரக்குத் தீர்ந்து டெஸ்க்குக்குத் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் வாழ்க்கை வரலாறு எழுதுவதில்லை.

இனி, இந்த வேலை இன்னும் இருக்கிறதா? குறைந்துகொண்டே வருகிறது. ரெட் ஸ்மித்துக்கு இடம் கொடுத்த அதே நியூயார்க் டைம்ஸ், 2022ல் தி அத்லெடிக் என்ற விளையாட்டுச் செய்தித் தளத்தை 55 கோடி டாலருக்கு வாங்கியது, 2023ல் தன்னுடைய விளையாட்டுப் பிரிவையே கலைத்துவிட்டது. இரவு ஆட்டங்களின் முடிவை அச்சில் கொடுப்பதைக் கைவிட்ட பெரிய பத்திரிகைகள் உண்டு. ஆட்டம் முடிந்த நிமிடத்திலேயே காட்சி, ஸ்கோர், நிபுணர் கருத்து எல்லாம் வாசகரின் கையில் இருக்கிறது. நிருபரின் வேலையைத்தான் இது அதிகம் தின்றது. செவ்வாய்க்கிழமைப் பத்திக்கு இன்னும் வாசகர் இருக்கிறார் என்பது என் ஊகம், நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். அந்த வாசகரிடமிருந்து பணம் வருகிற வழி பழைய செய்தித்தாளாகவே இருக்கும் என்று சத்தியமாகச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு என் யோசனை: நேராகப் பத்தியாளர் வேலைக்கு முயலாதீர்கள், அப்படி ஒரு நுழைவாசலே கிடையாது. நிருபராகவோ டெஸ்க்கிலோ சேருங்கள். பிரபலமான ஆட்டம் வேண்டாம், கூட்டம் வராத ஆட்டங்களை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வீரர்கள் தாராளமாகப் பேசுவார்கள். விளையாட்டுச் சங்கங்களின் வரவு செலவுக் கணக்கு, வீரர் ஒப்பந்தம், வழக்குத் தீர்ப்பு இவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பத்தியாளர்களிலேயே பாதிப் பேருக்கு அது வராது. அதுவரை வீட்டில் பழகிக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாளை முடிவு செய்து, மேட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்று இரவு ஒன்பது மணிக்குள் எழுநூற்றைம்பது வார்த்தை எழுதி முடியுங்கள். ஆறு மாதம் தவறாமல் வந்தால், அதில் மேட்ச் இல்லாத வாரங்களில் எழுதியதை மட்டும் எடுத்து ஒரு விளையாட்டு ஆசிரியருக்கு அனுப்புங்கள். மேட்ச் பற்றி எழுதியது அவரிடம் ஏற்கெனவே நிறைய இருக்கும்.